நரம்பும் நாடியும்: மூளையின் குருதி வழங்கலும் மண்டையோட்டு நரம்புகளும் அறியப்பட்ட வரலாறு

முன்னுரை

மூளையில் குருதிக்குழாய் வெடித்து ஒருவர் இறந்தால் ‘மூளை நரம்பு வெடித்துவிட்டது’ என்று கூறுவது தமிழ் மக்கள் வழக்கு. புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரியும் குருதிக்குழாயும் அவ்வழக்கில் நரம்பே. அதனூடாக ஏற்றப்படும் மருந்து ‘நரம்பு ஊசி’. மருத்துவ நூலோ நரம்பு என்னும் சொல்லை உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் இழைக்கற்றைக்கே உரியதாக்குகிறது. இவ்வேறுபாட்டைப் பொதுமக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், குருதிக்குழாயையும் நரம்பையும் பிரித்துணர இடர்ப்பட்டது தமிழ் வழக்கு மட்டுமன்று. ஐரோப்பிய மருத்துவமும் அவ்வாறே தொடங்கியது. மூளையின் அடிப்பகுதியில் எவை குழாய்கள், எவை நரம்புகள், அவை எத்தனை என்று வரையறுத்து முடிக்க அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அவ்வரலாற்றின் முதன்மையான திருப்பங்களை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. அவ்வறிவு 19ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு வந்த வழியையும், வந்தபின் அதன் சொற்கள் இரு கிளைகளாகப் பிரிந்தமையையும் தொடர்ந்து ஆராய்கிறது. பெயரும் எண்ணிக்கையும் இறுதியில் கண்ணால் கண்டதற்குப் பணிந்தபோதே இத்துறை முன்னேறியது என்பதும், தமிழில் அப்பணி இன்னும் நிறைவுறவில்லை என்பதும் இதன் கருத்து. கட்டுரை முழுவதும் ‘நாடி’ என்பது இதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்லும் குழாயை, அதாவது தமிழகத்தில் ‘தமனி’ எனப்படுவதைக் குறிக்கும்.

1. கிரேக்க மரபு: நாணும் காற்றுக்குழாயும்

கிரேக்கத்தில் ‘நியூரோன்’ என்னும் சொல் முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்தது. தமிழில் ‘நரம்பு’ சங்க இலக்கியத்திலேயே யாழின் தந்தியைக் குறித்து நிற்பதுடன் இது ஒப்புநோக்கத்தக்கது. இரு மொழிகளிலும் இழுத்துக் கட்டிய இழையின் பெயரே உடலின் இழைக்கும் ஆகிவந்தது. நாடியைக் குறித்த ‘ஆர்த்தீரியா’ என்னும் சொல்லோ மூச்சுக்குழாய்க்கும் பெயராக இருந்தது. இறந்த உடலில் நாடிகள் பெரும்பாலும் வெறுமையாகக் காணப்பட்டமையால், அவை காற்றைக் கடத்துவன என்று கருதப்பட்டன. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோஸ் தீவின் பிரக்சாகோரஸ், நாடிகள் நுனியில் மெலிந்து நரம்புகளாகின்றன என்றே கருதினார். அவருடைய மாணவர் ஹெரோபிலஸ் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்து ஆராய்ந்து, நரம்புகள் மூளையோடும் முண்ணாணோடும் தொடர்புடைய தனி உறுப்புகள் என்று காட்டினார். குழாயும் நரம்பும் பிரிந்தது அப்போதுதான்.

கழுத்தின் இருபுறமும் மேலேறும் பெருநாடிகளுக்குக் கிரேக்கர் இட்ட பெயரும் ஒரு பிழையைத் தாங்கி நிற்கிறது. ‘கரோட்டிட்’ என்பது மயக்கநிலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவற்றை அழுத்தினால் மயக்கம் உண்டாகும் என்பது அன்றைய கொள்கை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமமைச் சேர்ந்த கேலன் இதை விலங்குகளில் சோதித்தார். நாடிகளை மட்டும் தனியே பிரித்துக் கட்டியபோது விலங்கு மயங்கவில்லை. உடன் செல்லும் நரம்புகளையும் சேர்த்துக் கட்டியபோது அதன் குரல் அற்றுப்போயிற்று. முன்னோர் நாடியின் விளைவு என்று எண்ணியது நரம்பின் விளைவு என்று கேலன் சரியாகவே முடிவு செய்தார். ஆனால் கழுத்து நாடிகளைக் கட்டிய பின்னும் மூளை எவ்வாறு வாழ்கிறது என்னும் வினாவுக்கு அவரிடம் நிறைவான விடை இல்லை. அவ்வினா ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் காத்திருந்தது.

கேலன் விட்டுச்சென்ற மரபில் இரு கூறுகள் இங்கு முக்கியமானவை. ஒன்று, மூளையிலிருந்து 7 இணை நரம்புகள் புறப்படுகின்றன என்னும் கணக்கு. அதில் மண நரம்பு நரம்பாகவே எண்ணப்படவில்லை. பார்வை நரம்பே முதல் இணை. முக நரம்பும் செவி நரம்பும் சேர்ந்து ஓர் இணையாயின. தொண்டைக்கும் குடலுக்கும் தோளுக்கும் செல்லும் வெவ்வேறு நரம்புகள் மற்றோர் இணைக்குள் அடங்கின. மற்றொன்று, மூளையின் அடியில் நாடிகள் பின்னிக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட ‘வியத்தகு வலை’. இதயத்திலிருந்து வரும் உயிர்மூச்சு அவ்வலையில் பண்பட்டு மூளைக்குரிய நுண்மூச்சாகிறது என்று நம்பப்பட்டது. மாட்டிலும் ஆட்டிலும் அவ்வலை உண்மையாகவே உள்ளது. மனிதரில் இல்லை.

2. இல்லாத வலை

மனிதரில் இல்லாத ஓர் உறுப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனித உடலியல் நூல்களில் இடம்பெற்றமைக்கு அன்றைய பயிற்றுமுறையே காரணம். பேராசிரியர் உயர்ந்த இருக்கையிலிருந்து நூலை வாசிப்பார், அறுப்பவர் வேறொருவர். நூலில் உள்ளது உடலில் தென்படாவிடின், குறை உடலின் மீதோ அறுத்தவரின் கையின் மீதோ சுமத்தப்பட்டது.

இதை முதலில் வெளிப்படையாக மறுத்தவர் பொலோஞாவின் பெரெங்காரியோ தா கார்ப்பி. முந்தினோ என்பாரின் உடலியல் நூலுக்கு 1521இல் வெளியிட்ட விரிவுரையில், பன்முறை தேடியும் அவ்வலையை மனிதரில் தாம் காணவில்லை என்று அவர் எழுதினார். வெசாலியஸ் தொடக்கத்தில் மரபின் வழியிலேயே நின்றார். 1538இல் வெளியிட்ட படத்தாள்களில் வலையையும் வரைந்தார். 1543இல் வெளிவந்த தமது பெருநூலில் அதை மறுத்ததோடு, முன்பு மாணவர்க்கு அவ்வலையைக் காட்டுவதற்காக மனிதத் தலையின் அருகே ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ வைத்துக்கொண்டதையும் ஒப்புக்கொண்டார். கண்முன் இல்லாததை நூலில் உள்ளதென்பதற்காகக் காட்டியதற்குத் தம்மையே கடிந்துகொண்ட அப்பகுதி, உடலியல் வரலாற்றின் நேர்மையான பக்கங்களுள் ஒன்று. எனினும், நரம்புகளின் எண்ணிக்கையில் வெசாலியஸ் கேலனின் 7 இணைகளைக் கைவிடவில்லை.

வலை நீங்கியபின் அவ்விடத்தில் உண்மையில் இருப்பது எது என்று காண, மூளையைக் கீழிருந்து நோக்க வேண்டியிருந்தது. மண்டையோட்டின் மேற்பகுதியை நீக்கி, மேலிருந்து அடுக்கடுக்காக வெட்டிச் செல்வதே பழைய முறை. அடிப்பகுதியை எட்டுமுன் மென்மையான நரம்புகளும் குழாய்களும் சிதைந்துவிடும். 1573இல் வரோலியோ மூளையை வெளியே எடுத்துக் கவிழ்த்து, அடியிலிருந்து ஆராயும் முறையை விளக்கினார். அதன்பின் அடிப்பகுதி நாடிகளின் வளையம் மெல்லத் தெளிவு பெற்றது. காசேரியோவின் மறைவுக்குப் பின் 1627இல் வெளியான படங்களிலும், வெஸ்லிங்கின் 1647ஆம் ஆண்டு நூலிலும் அதன் வடிவத்தைக் காணலாம். சுவிற்சர்லாந்தின் ஷாவ்ஹவுசன் நகர மருத்துவர் வெப்ஃபர், திடீர் முடக்கத்தால் இறந்தோரின் மூளைகளை அறுத்து, அந்நோய்க்குக் குருதிக்கசிவு காரணமாவதை 1658இல் நிறுவினார். நாடிகளின் போக்கையும் அவர் விரித்துரைத்தார்.

3. வில்லிஸ் வினவிய வினா

ஆகவே, இன்று ‘வில்லிஸ் வளையம்’ எனப்படுவதை முதலில் கண்டவர் வில்லிஸ் அல்லர். ஒக்ஸ்போர்டில் இயற்கை மெய்யியல் பேராசிரியராக இருந்த தோமஸ் வில்லிஸ் (1621-1675), மூளையின் உடலியல் பற்றிய தமது இலத்தீன் நூலை 1664இல் வெளியிட்டார். அறுப்புப் பணியில் றிச்சர்ட் லோவர் துணைநின்றார். படங்களில் பலவற்றை வரைந்தவர் பின்னாளில் இலண்டன் சென் போல் பேராலயத்தைக் கட்டியெழுப்பிய கிறிஸ்தோபர் ரென். குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்று ஹார்வி 1628இல் நிறுவியிருந்தார். அக்கொள்கை ஏற்கப்பட்ட பின்னரே ‘இவ்வளையம் எதற்கு?’ என்று வினவுவதற்குப் பொருள் உண்டாயிற்று.

மூளைக்கு நான்கு நாடிகள் செல்கின்றன. முன்புறமாக இரண்டு கழுத்து நாடிகள். பின்புறமாக முள்ளந்தண்டின் துளைகளினூடே ஏறும் இரண்டு முள்ளந்தண்டு நாடிகள். பின்னிரண்டும் மண்டையோட்டினுள் ஒன்றாகி, பின்னர் இரண்டாகக் கிளைத்து, சிறிய இணைப்பு நாடிகளால் முன்னிரண்டோடும் சேர்கின்றன. முன்புறத்தில் இடமும் வலமும் மற்றொரு சிறு நாடியால் இணைகின்றன. இவ்வாறு மூளையின் அடியில் ஒரு வளையம் அமைகிறது. வில்லிசும் லோவரும் ஒருபுறக் கழுத்து நாடியில் நிறமேற்றிய திரவத்தைச் செலுத்தினர். அது மறுபுறத்துக் குழாய்களையும் சென்றடைந்தது. ஒரு வழி அடைபட்டாலும் மற்ற வழிகளால் மூளை முழுவதும் குருதி பெறக்கூடும் என்று வில்லிஸ் முடிவு செய்தார்.

இதற்கு நோயாளி ஒருவரின் உடலே சான்றாயிற்று. வேறொரு நோயால் இறந்த அவரை அறுத்து நோக்கியபோது, வலப்புறக் கழுத்து நாடி மண்டையோட்டினுள் கல்போல் இறுகி, ஏறத்தாழ முற்றும் அடைபட்டிருந்தது. அவருக்கோ வாழ்நாளில் முடக்கம் ஏற்பட்டதில்லை. அதே பக்கத்து முள்ளந்தண்டு நாடி மற்றதைவிட மும்மடங்கு பருத்திருந்தது. கேலனின் விலங்குகள் ஏன் மயங்கவில்லை என்னும் வினாவுக்கு விடை இங்கே கிடைத்தது. வளையத்துக்கு வில்லிசின் பெயர் நிலைத்தமைக்கு நியாயம் இதுவே: முன்னோர் வரைந்த வடிவத்துக்கு அவர் தொழில் கண்டார்.

வில்லிசின் விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வளையம் எல்லாரிடத்தும் பாடநூற் படத்தில் உள்ளவாறு முழுமையாக அமைவதில்லை. இணைப்பு நாடிகள் சிலரிடம் மிக மெலிந்தும், சிலரிடம் இல்லாமலும் இருக்கும். ஒரே அளவான அடைப்பு ஒருவரை ஒன்றும் செய்யாமல் மற்றொருவரை வீழ்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. ஏழு, ஒன்பது, பன்னிரண்டு

அதே நூலில் வில்லிஸ் மண்டையோட்டு நரம்புகளையும் மீண்டும் எண்ணினார். மண நரம்பை முதல் இணையாக்கி, மொத்தம் 9 இணைகளாக வகுத்தார். முக நரம்பும் செவி நரம்பும் அவர் கணக்கிலும் ஓர் இணையே. நாத்தொண்டை நரம்பும், ‘அலைந்து திரிவது’ என்று பொருள்படும் பெயரையுடைய வேகசு நரம்பும் எட்டாம் இணையில் ஒன்றாக நின்றன. முண்ணாணிலிருந்து மேலேறி வந்து இவற்றோடு சேரும் துணை நரம்பை அவர் தெளிவாக விவரித்தமையால், அது நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று.

இன்றைய 12 இணைக் கணக்கு, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 23 வயது மாணவராக இருந்த சாமுவேல் தோமஸ் சோமெரிங் 1778இல் அளித்த பட்ட ஆய்வேட்டில் உள்ளது. மண்டையோட்டுத் துளையில் ஒன்றாக வெளியேறுவனவற்றை ஒன்றாக எண்ணுவது பழைய முறை. சோமெரிங் நரம்புகள் மூளையில் தோன்றும் இடத்தை அளவுகோலாகக் கொண்டார். அதனால் ஏழாம் இணை இரண்டாகவும் எட்டாம் இணை மூன்றாகவும் பிரிந்தன. உடலில் எதுவும் மாறவில்லை. எண்ணும் நெறி மாறியது. எனினும் இங்கிலாந்து புதிய கணக்கை உடனே ஏற்கவில்லை. ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடலியல் நூல் 1858இல் முதன்முதலாக வெளிவந்தபோதும் 9 இணைகளையே எண்ணிற்று. 80 ஆண்டுகளாக ஐரோப்பாவில் இரு கணக்குகள் அருகருகே வழங்கின. ‘எட்டாம் நரம்பு’ என்ற ஒரே தொடர், படித்த பள்ளியைப் பொறுத்து இருவேறு பொருள் தந்தது.

5. நோயாளியிடம் கற்ற பாடங்கள்

இக்காலத்தில் அறிவு அறுவை மேசையிலிருந்து நோயாளியின் படுக்கைக்கு நகர்ந்தது. இலண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் 1808இல் கழுத்து நாடி வீக்கத்துக்காக ஒருவரின் அந்நாடியைக் கட்டினார். நோயாளி பல்லாண்டு உயிர்வாழ்ந்தார். கேலன் விலங்கில் கண்டதும் வில்லிஸ் சடலத்தில் கண்டதும் இவ்வாறு உயிருள்ள மனிதரிடத்தில் மெய்ப்பட்டன.

நாடியும் நரம்பும் எவ்வளவு நெருங்கியவை என்பதை 1895இல் ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் வொலன்பேர்க் காட்டினார். அவருடைய நோயாளிக்கு விழுங்க முடியவில்லை, குரல் கம்மியது, முகத்தின் ஒரு பக்கத்திலும் உடலின் மறுபக்கத்திலும் வலியுணர்வு குன்றியது. எந்தெந்த நரம்புகள் பழுதுற்றன என்று கணித்து, அவற்றின் வேர்கள் யாவும் ஒருங்கே கிடக்கும் சிறு பகுதியைத் தேர்ந்து, அப்பகுதிக்குக் குருதி தரும் நாடி அடைபட்டிருக்க வேண்டும் என்று அவர் முன்னுரைத்தார். நோயாளி இறந்தபின் செய்த அறுப்பாய்வின் முடிவை 1901இல் வெளியிட்டார், கணிப்பு பொருந்திற்று. மூளையின் நாடிகளை உயிருள்ளவரில் படமாகக் காணும் வழியை லிஸ்பன் நகரில் எகஸ் மொனிஸ் கண்டது 1927இல்தான். அதுவரை, மண்டையோட்டுக்குள் மறைந்திருந்த நாடிகளைப் பற்றி மருத்துவர்க்குச் செய்தி தந்தவை நரம்புகளே.

இன்றும் அது பொய்க்கவில்லை. ஒரு கண்ணின் இமை திடீரெனத் தாழ்ந்து பாவை விரிந்தால், விழியசைவு நரம்பின் அருகே செல்லும் நாடியில் வீக்கம் உள்ளதா என்று தேடுவர். வாய் ஒரு பக்கம் கோணியபோது நெற்றியைச் சுருக்கச் சொல்வர். நெற்றியின் தசைகள் மூளையின் இரு பாதிகளிலிருந்தும் ஆணை பெறுபவை. ஆதலால் நெற்றி சுருங்கினால் பழுது பெரும்பாலும் மூளையில், சுருங்காவிடின் முக நரம்பில்.

6. தமிழுக்கு வந்த வழி

இவ்வறிவைத் தமிழில் பாடமாக்கிய முதன்மையான முயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மிசன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணியை நாடி ஊரை நீங்கினர். தமிழில் பயின்றோரே தம் மக்களிடையே தங்குவர் என்று கருதிய அவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். மாணவரோடு சேர்ந்து அவர் ஆக்கியும் திருத்தியும் வெளிக்கொணர்ந்த நூல்களுள் ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875), ‘மனுஷ சுகரணம்’ (1883) என்பன அடங்கும். இவற்றுள் இரண்டாவது கிரேயின் உடலியல் நூலின் தமிழாக்கம். ஆங்கில மூலம் வெளிவந்து 14 ஆண்டுகளில் அது மானிப்பாய் மாணவனுக்குத் தமிழில் கிடைத்தது.

காலத்தையும் கருத வேண்டும். மூல நூல் 9 இணைக் கணக்கில் பிறந்தது; உலகம் 12 இணைக்கு மாறிக்கொண்டிருந்தது. மேலைநாட்டவரே தம் எண்களையும் பெயர்களையும் முடிவுசெய்திராத வேளையில் தமிழ் அத்துறையில் இறங்கியது. கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் கைக்கொண்ட நெறி தெளிவானது: முதலில் தமிழ்ச்சொல், அது கிட்டாதபோது வடசொல், அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. மேலே குறித்த தலைப்புகளிலேயே இதன் தடங்களைக் காணலாம்.

இம்மரபு நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பி 1884இல் மறைந்தார். ஆங்கிலமே மருத்துவக் கல்வியின் மொழியாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக் கல்வி தமிழுக்கு மாறியபோது, இலங்கையும் தமிழகமும் தத்தமக்குரிய கலைச்சொற்களை வகுத்துக்கொண்டன. இலங்கையில் ‘நாடி’, ‘நாளம்’ எனப்படுவன தமிழகத்தில் ‘தமனி’, ‘சிரை’. இங்கு ‘மூளையம்’, ‘மூளி’. அங்கு ‘பெருமூளை’, ‘சிறுமூளை’. ஈழத்தவர் ‘முண்ணாண்’ என்பதைத் தமிழகத்தார் ‘தண்டுவடம்’ என்பர். ஒருசாரார் ‘பாரிசவாதம்’ என்னும் நோய் மறுசாரார்க்குப் ‘பக்கவாதம்’. ‘நாடி’ என்றால் தமிழகத்து வாசகர் பெரும்பாலும் மணிக்கட்டில் பிடித்துப் பார்க்கும் துடிப்பையே எண்ணுவர். இவ்விரு வழக்குகளுக்கும் கீழே, இரண்டுக்கும் பொதுவாக, ‘நரம்பு’ என்னும் மக்கள் சொல் தன் பழைய பொருள்கள் யாவற்றோடும் வாழ்கிறது.

முடிவுரை

புலம்பெயர் நாடுகளில் இது நூலகச் சிக்கலோடு நின்றுவிடுவதில்லை. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆன மூளை, உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கொள்கிறது. குருதி நின்றால் அது காத்திருக்காது. நாடியில் உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மருத்துவமனையின் நுழைவில், ‘முன்னரும் அப்பாவுக்கு மூளை நரம்பில் அடைப்பு வந்தது’ என்று உறவினர் சொல்ல, உரைபெயர்ப்பாளர் ‘நரம்பு’ என்பதை நூற்பொருளில் பெயர்த்துவிட்டால், மருத்துவர் கேட்பது வேறொரு நோய். ஈழத்தில் பயின்ற தாய்க்கும் தமிழகத்தில் பயின்ற மருமகளுக்கும் அச்சிட்டு வழங்கும் ஒரே அறிவுறுத்தல் தாள், எவ்வழக்கைத் தேர்ந்தாலும் ஒருவருக்கு அயலாகவே அமையும்.

மேலே கண்ட வரலாறு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. 9 இணையும் 12 இணையும் உடன் வழங்கிய காலத்தில், இரு கணக்குகளையும் அருகருகே நிறுத்திய ஒப்பீட்டு அட்டவணையே குழப்பத்தைத் தணித்தது. தமிழுக்கும் அத்தகைய அட்டவணையே முதல் தேவை: படத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே ஈழ வழக்கு, தமிழக வழக்கு, மக்கள் வழக்கு என மூன்றையும் தரும் பட்டியல். மூன்றாம் நிரலை நீக்கிவிடலாகாது. நோயாளி பேசுவது அந்நிரலில் உள்ள மொழியையே. ‘மூளை நரம்பு வெடித்தது’ என்பவரைத் திருத்துவதற்கு முன், அவர் சொல்வது நாடியை என்று அறிந்துகொள்வது மருத்துவரின் கடமை. அவ்வறிவை எழுதி வைப்பது தமிழாய்வாளரின் கடமை.